ஜெர்மனி விசாவுக்கு ஏ1: யாருக்குக் கட்டாயம், யாருக்கு வேண்டாம்

கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை ஜெர்மனி என்றதும் யாராவது ஒருவர், “பெண் ஏ1 எழுதியாச்சா?” என்று கேட்டுவிடுவார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது.

2007 முதல் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தில் இருக்கும் விதி இது: வாழ்க்கைத்துணையோடு சேர்ந்து வாழப் போகிறவர், கிளம்பும் முன்பே எளிய ஜெர்மன் தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்த ‘எளிய’ ஜெர்மனின் அளவுகோல்தான் ஏ1; ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் மொழித்திறன் படிகளில் முதல் படி. துணை ஜெர்மன் குடிமகனாகவே இருந்தாலும் இது வேண்டும். வேடிக்கை என்னவென்றால், புளூ கார்டில் (உயர்கல்வி தகுதியுள்ள வெளிநாட்டு ஊழியர்களுக்கான அனுமதி அட்டை) வேலை பார்க்கும் இந்தியரின் மனைவிக்கு வேண்டாம்! அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டுக் குடிமக்களின் துணைக்கும் விலக்கு உண்டு. நோயாலோ உடல் குறைபாட்டாலோ மொழி கற்க முடியாதவர்களுக்கும் உண்டு. ஆகவே தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன், ஜெர்மனியில் இருப்பவரின் அனுமதி அட்டையில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். பாதிப் பேர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

தேர்வு என்றதும் நம் ஊரில் முதலில் சொல்லும் பெயர் மேக்ஸ் முல்லர் பவன். கோதே இன்ஸ்டிட்யூட்டுக்கு இந்தியாவில் அதுதான் பெயர். ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் வெளிநாடுகளில் வளர்க்க 1951-இல் தொடங்கிய அமைப்பு; தலைமையகம் மியூனிக்கில், சென்னைக் கிளை நுங்கம்பாக்கத்தில். (ரிக் வேதத்தைப் பதிப்பித்த மேக்ஸ் முல்லர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.) ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் நிதி தருகிறது என்றாலும் இது பதிவு பெற்ற சங்கம்தான். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை முடிவு செய்வது தூதரகமும் துணைத் தூதரகங்களும். “சான்றிதழோடு விசாவும் வாங்கித் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: தேர்வு எழுத அங்கேயே வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் படித்துவிட்டு நேராகப் போயும் எழுதலாம். டெல்க், ஓஎஸ்டி என்ற வேறு தேர்வு அமைப்புகளின் சான்றிதழ்களையும் தூதரகம் ஏற்கும்.

ஏ1 தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். மொத்தம் 100 மதிப்பெண், 60 எடுத்தால் தேர்ச்சி. எழுதுவது ஒரு படிவமும் சுமார் 30 சொற்களில் ஒரு சிறு கடிதமும்தான். நம்மவர்கள் தடுமாறுவது பேசும் பகுதியில். அறிமுகம் முடிந்ததும் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் முதல் எழுத்தை ‘ஏ’ என்றால் தேர்வாளர் காதில் அது ஐந்தாவது எழுத்து. ஜெர்மனில் முதல் எழுத்து ‘ஆ’. ஐந்தாவதை ‘ஈ’ என்று சொன்னால் அவர் ஒன்பதாவதை எழுதிக்கொள்வார். ஆனந்தி, தீபா, ராஜா என எந்தப் பெயரானாலும், இனிஷியலோடு சேர்த்து முன்கூட்டியே பத்து முறை சொல்லிப் பழகுங்கள். எண்களும் அப்படித்தான்: நாம் இருபத்தொன்று என்பதை அவர்கள் ‘ஒன்றும் இருபதும்’ என்பார்கள். கேட்டல் பகுதியில் தொலைபேசி எண் வந்தால் 34-ஐ 43 என்று எழுதிவிடுவது சர்வசாதாரணம்.

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. நர்ஸ்களின் தகுதிக்கு ஜெர்மனியில் முழு அங்கீகாரம் கிடைக்கப் பொதுவாக பி2 கேட்பார்கள். தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பி1. ஜெர்மனிக்குப் போய் வேலை தேடுவதற்கென, தகுதிகளுக்குப் புள்ளி போட்டுத் தரும் வாய்ப்பு அட்டை 2024 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு மொழியைப் பொறுத்தவரை ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2, இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஜெர்மன் கூடுதலாகத் தெரிந்தால் புள்ளிகள் ஏறும்.

பி1-இல் ஒரு வசதி உண்டு. நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம், ஒவ்வொன்றிலும் 60 வேண்டும். பேசுதலில் மட்டும் கோட்டைவிட்டால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். ஏ1-இல் இந்தச் சலுகை இல்லை. மொத்தத்தில் 60 வராவிட்டால் முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும்.