மெத்தென்ற சீற் ஏன் வவுனியாவுக்குள்ளேயே நோகிறது?

பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வர வேண்டும் என்ற ஆசை யாழ்ப்பாணத்தில் பலருக்கு உண்டு. நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 430 கிலோமீற்றர். வீதியால் போனால் அதைவிட நிறையக் கூட. புறப்பட முதல் ஒயில் மாற்றுவார்கள், செயின் இறுக்குவார்கள், ரயருக்குக் காற்றுப் பார்ப்பார்கள். சீற் நினைவுக்கு வருவது வவுனியாவை அண்டிய பிறகுதான். முதலில் ஒரு சூடு, பிறகு உளைவு, பிறகு விறைப்பு. மதவாச்சி தாண்ட நாரியும் சேர்ந்து நோகும். ஊர் திரும்பியதும் குஷன் கடையில் போய்ச் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்: “அண்ணை, இன்னும் கொஞ்சம் ஸ்பொஞ் வைச்சு நல்லா மெத்தெண்டு அடிச்சுத் தாங்கோ.”

அந்த வசனத்தில்தான் பிழை இருக்கிறது. கையால் அமுக்கிப் பார்க்க மெத்தென்று இருக்கும் சீற், 5 மணித்தியாலம் இருந்து ஓட நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அதற்கு நேரெதிராகவே நடக்கிறது. ஏன் என்று விளங்கிக்கொண்டால், கடைக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு கதிரையில் இருந்தபடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கைகளையும் உங்களுக்குக் கீழே வைத்து முன்னும் பின்னும் அசைந்து பாருங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். இடுப்பெலும்பின் ஆகக் கீழ்ப் பகுதி அது. இருப்பெலும்புப் புடைப்பு என்பார்கள். இரண்டுக்கும் இடைத்தூரம் பெரும்பாலானோரில் 10 முதல் 14 சென்ரிமீற்றர். பெண்களுக்குச் சராசரியில் சற்றுக் கூட. நாம் சதையில் இருப்பதாக நினைத்தாலும், பாரத்தின் பெரும் பங்கை இறக்குவது இந்த இரண்டு முனைகளும்தான். அவற்றுக்கும் சீற்றுக்கும் நடுவில் அகப்பட்டு நசிகிற தோலும் கொழுப்பும் தசையுமே நோகின்றன.

கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ நிறையுள்ள ஒருவர் நிமிர்ந்து இருந்து ஓடும்போது, கால்களும் கைகளும் தாங்குவது போக 50 கிலோ சீற்றில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விசையாகச் சொன்னால் 490 நியூற்றன். விசையைப் பரப்பால் வகுத்தால் அமுக்கம் என்று பாடசாலையில் படித்தது இங்கேதான் உடம்பில் உறைக்கிறது. வெறும் பலகையில் இருந்தால் எலும்பு முனைகளைச் சுற்றி 100 சதுர சென்ரிமீற்றர் அளவில்தான் பாரம் நிற்கும். ஆஸ்பத்திரியில் பிறஷர் பார்க்கும் அலகில் அது 360 மில்லிமீற்றர் இரசத்தைத் தாண்டும். அதே பாரத்தை நல்ல வடிவான சீற் ஒன்று 700 சதுர சென்ரிமீற்றரில் பரப்பிவிட்டால் 52 ஆகக் குறையும்.

52 நல்லதா கெட்டதா? 1930இல் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்க உடற்றொழிலியலாளர், நகக்கண்ணில் ஓடும் குருதி மயிர்க்குழாய்களுக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி உள்ளே இருந்த அமுக்கத்தை அளந்தார். நாடிப் பக்க முனையில் சராசரி 32 மில்லிமீற்றர் இரசம். நாளப் பக்க முனையில் 12. வெளியிலிருந்து அதைவிடக் கூடிய அமுக்கம் விழுந்தால் மயிர்க்குழாய் நசிந்து குருதி ஓட்டம் குறையும். 32 என்பது தாண்டியவுடன் எல்லாம் நின்றுவிடுகிற எல்லை அல்ல. இழையங்களும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும். உடலும் உள்ளே அமுக்கத்தைக் கூட்டி ஈடுகொடுக்கும். ஆனாலும் எந்த அளவில் நாம் நிற்கிறோம் என்பதை அந்த எண் காட்டுகிறது. 50 கிலோவை 32க்குள் கொண்டுவர வேண்டுமானால் 1150 சதுர சென்ரிமீற்றர் பரப்பு வேண்டும். 30 சென்ரிமீற்றர் அகலம், 38 சென்ரிமீற்றர் நீளம், எல்லா இடத்திலும் ஒரே சீரான தொடுகை. முன்பக்கம் ஒடுங்கி, கால் நிலத்தைத் தொட வேண்டிய ஒரு மோட்டார் சைக்கிளில் அது நடக்கிற காரியம் இல்லை. எவ்வளவு காசு கொடுத்தாலும் இறங்கவே தேவையில்லாத சீற் ஒன்றை எவராலும் செய்து தர முடியாது. ஆனால் 360க்கும் 52க்கும் நடுவில் வேலை செய்ய நிறைய இடம் இருக்கிறது.

அந்த வேலையைச் செய்ய வேண்டியது ஸ்பொஞ். 1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயரும் குழுவினரும் கண்டுபிடித்த பொலியூரித்தேனிலிருந்து வந்த பொருள் இது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மெல்லிய தண்டுகளால் ஆன எண்ணற்ற கூடுகள். மேலே பாரம் ஏற ஏற அது மூன்று விதமாக நடந்துகொள்ளும். தொடக்கத்தில் தண்டுகள் இலேசாக வளைந்து எதிர்க்கும். பாரம் கூடினால் தண்டுகள் மடியத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் ஸ்பொஞ் மேலும் மேலும் அமிழும், எதிர்விசையோ அதிகம் கூடாது. எலும்பு முனை தாழ்ந்து இறங்க, சுற்றியுள்ள சதையும் தொடையும் சீற்றைத் தொட்டுப் பாரத்தைப் பகிர்ந்துகொள்வது இப்போதுதான். நமக்கு வேண்டிய கட்டம் இதுவே. அதையும் தாண்டினால் கூடுகள் முழுவதும் நசிந்து தண்டோடு தண்டு முட்டும். அதற்குப் பிறகு அது ஸ்பொஞ் இல்லை, பலகை.

மெத்தென்ற ஸ்பொஞ்சின் குறை இங்கே வெளிச்சமாகிறது. கையால் அமுக்கும்போது அது இரண்டாவது கட்டத்தில் இருக்கும்; சுகமாகப் படும். 50 கிலோ ஏறி இருந்ததும், எலும்பு முனைக்கு நேர்கீழே மூன்றாவது கட்டத்துக்குப் போய்விடும். இதற்கு மேல் ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்தால், அந்தக் கணத்தில் பாரம் இரண்டு மடங்காகலாம். அந்த அடியை வாங்க ஸ்பொஞ்சில் மிச்சம் எதுவும் இல்லை. மெத்தை தடிப்பாக இருக்கிறது என்று ஆறுதல்படவும் முடியாது. தடிப்பு முழுவதும் உட்கார்ந்த மாத்திரத்திலேயே செலவாகிவிட்டது. உங்கள் சீற் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஒரு முழங்காலை சீற்றில் ஊன்றி உடம்புப் பாரத்தை அதன்மேல் விடுங்கள். அடியில் உள்ள பிளாஸ்ரிக் தட்டு முழங்காலில் தட்டுப்பட்டால் ஸ்பொஞ் போதாது.

கடைகளில் அடர்த்தியையும் விறைப்பையும் ஒன்றாகவே பேசுவார்கள். அடர்த்தி என்பது ஒரு கன மீற்றரில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்பது. ஸ்பொஞ் எத்தனை காலம் உழைக்கும் என்பதை அது பெருமளவில் தீர்மானிக்கும். விறைப்பு, அதாவது அமுக்கும்போது எவ்வளவு எதிர்க்கும் என்பது, வேறு அளவு. அடர்த்தி கூடிய மென்மையான ஸ்பொஞ்சும் உண்டு, அடர்த்தி குறைந்த விறைப்பான ஸ்பொஞ்சும் உண்டு. இரண்டாவது வகை கடையில் நல்லதாகத் தெரியும், சில மாதத்தில் பள்ளம் விழும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஸ்பொஞ் இன்னும் கெதியாகச் சோர்ந்துபோகும். நமது காலநிலையில் இரண்டுக்கும் குறைவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை புதிய மோட்டார் சைக்கிள்களின் வரவு பெரிதும் குறைந்திருந்ததால், இன்று ஓடுகிறவற்றில் ஏராளமானவை பழைய சீற்றோடுதான் ஓடுகின்றன. வெளியே ரெக்சின் பளபளவென்று இருக்கும், உள்ளே ஸ்பொஞ் செத்திருக்கும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது இரண்டு அடுக்கு. அடியில் விறைப்பான, அடர்த்தி கூடிய ஸ்பொஞ். வெட்டுத்துண்டுகளை ஒட்டிச் செய்த, பல நிறப் புள்ளிகள் உள்ள வகையும் இதற்குச் சரி. அதன் மேல் ஒரு விரல் தடிப்பில் மென்மையானது. தடிப்பைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவது பெரிய பலன் தரும்: எலும்பு முனைகள் இறங்கும் இடத்தில் சீற் தட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், தொடை விரிகிற முன்பக்கத்தில் ஒடுங்க வேண்டும். நடு உயர்ந்து இரண்டு கரையும் சரிகிற சீற்றில் எலும்பு முனைகள் சரிவில் நிற்கும்; பாரம் நடுவில் உள்ள மென்பகுதிக்குப் போகும். அந்த வழியால்தான் முக்கியமான நரம்புகள் ஓடுகின்றன. ஓடும்போது உணர்வற்றுப் போகும் அந்த விறைப்பு வருவது அங்கிருந்துதான். பெண்கள் ஓடும் ஸ்கூட்டிகளுக்கு குஷன் அடிக்கும்போதும் இந்த அகலத்தை யாரும் அளந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. அளந்தே ஆக வேண்டும்.

சரிவு இன்னொரு கெடுதலும் செய்கிறது. பல மோட்டார் சைக்கிள்களின் சீற் பெற்றோல் தாங்கியை நோக்கிச் சரிந்திருக்கும். பிறேக் பிடிக்கப் பிடிக்க உடம்பு முன்னுக்கு வழுகும். தோல் சீற்றோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகரும். இப்படிப் பக்கவாட்டில் இழுபடும் விசை போதிய அளவு சேர்ந்தால், குருதிக் குழாய்களை அடைக்க வழமையான அமுக்கத்தில் பாதியே போதும் என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். முன்பக்கத்தை ஒரு அங்குலம் நிமிர்த்தி மட்டப்படுத்துவது, பல சமயம் புது ஸ்பொஞ்சைவிட அதிகம் உதவும்.

மேலுறையை மறந்துவிடக்கூடாது. தவிலுக்குத் தோல் இழுத்ததுபோல் ரெக்சினை விறைப்பாக இழுத்து அடித்தால் பார்க்க வடிவு. ஆனால் எலும்பு முனை கீழே அமிழ வேண்டிய இடத்தில் அந்த உறை அமிழவிடாமல் தாங்கிப் பிடிக்கும். உள்ளே எவ்வளவு நல்ல ஸ்பொஞ் இருந்தும் பயனில்லை. நான்கு பக்கமும் சற்று இழுபடுகிற உறை வேண்டும். தையல் வரி எலும்பு இறங்கும் இடத்தில் ஓடக்கூடாது.

இனி வெயில். சித்திரை வெயிலில் நிறுத்திய கறுப்பு ரெக்சின் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். இருந்து ஓடத் தொடங்கினாலும் வியர்வை போக வழியில்லை. நனைந்த தோலில் உராய்வு கூடும். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் இழையங்களின் ஒட்சிசன் தேவை ஏறத்தாழ 10 வீதம் கூடும். குருதி குறைந்திருக்கும் இடத்தில் தேவை கூடினால் நோவு முந்தி வரும். ஆகவே காற்றோட்டமும் ஒரு மருந்து. ஆட்டுத்தோல் கம்பளியைச் சீற்றில் போடுவதை வெளிநாட்டில் பார்த்தவர்கள் குளிருக்கென்று நினைப்பார்கள். கம்பளி தன் நிறையில் 30 வீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததுபோல் தெரியாது, வெயிலுக்கும் நல்லது. பஸ் சாரதிகள் போடும் மரமணி விரிப்பும் காற்றுக்கு வழிவிடும், ஆனால் மணிகள் எலும்பு முனையில் குத்தக்கூடியவை. நம்மிடம் இருக்கும் தும்பை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்குக் கவலை. றப்பர் பூசிய தும்பு ஜெர்மன் கார்களின் இருக்கைகளில் பல ஆண்டுகள் போடப்பட்டது. காற்றும் போகும், கெதியில் பள்ளமும் விழாது. றப்பரும் தென்னையும் விளைகிற நாட்டில் அதன் மெல்லிய தகடு ஒன்றை உறைக்குக் கீழே வைத்துப் பார்க்க ஒரு குஷன் கடையாவது முன்வர வேண்டும்.

ஜெல் பட்டிகளும் நினைவு ஸ்பொஞ்சும் (memory foam) இப்போது இணையத்தில் நிறைய விற்கிறார்கள். ஜெல் நசிவதில்லை, இடம் மாறுகிறது. மெல்லிய பட்டிக்கு மாற இடமே இல்லை, வெயிலில் சூட்டையும் சேர்த்து வைக்கும். நினைவு ஸ்பொஞ் 1966இல் நாசாவுக்காக சார்ல்ஸ் யோஸ்ற் விமான இருக்கைகளுக்கு உருவாக்கியது. சூட்டில் இளகுவது அதன் குணம். நமது வெயிலில் தொடக்கத்திலேயே இளகிவிடும். மெல்லிய மேலடுக்காக வைக்கலாம், அதுவே முழுச் சீற்றாக ஆகக்கூடாது. காற்று அடைத்த மெத்தைதான் இவற்றில் உண்மையாக வேலை செய்கிறது. சக்கர நாற்காலிக்காரரின் புண்களைத் தடுக்க உருவான இதில் கூடுகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருக்கும்; பஸ்காலின் விதிப்படி அமுக்கம் எல்லா இடத்திலும் சமமாகும். பலர் காற்றை நிறைய அடித்து அதைக் கெடுத்துவிடுகிறார்கள். ஏறி இருந்தபடி காற்றைக் குறைத்து, எலும்புக்கும் சீற்றுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி மிஞ்சும்போது நிறுத்த வேண்டும்.

அதிர்வைச் சீற் தலையில் முழுவதும் போடுவது சரியில்லை. என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றினால் அதிர்வின் மீடிறன் 100 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 100 தரம். எந்த ஸ்பொஞ்சும் அதை வடிகட்டும். கை விறைப்பது ஹாண்டிலால் வருவது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அசைவுக்கு அதிகம் பரிவுறுவது, அதாவது அசைவோடு சேர்ந்து கூடுதலாக ஆடுவது, 5 ஹேர்ட்ஸை அண்டி. ஸ்பொஞ் சீற்றின் சொந்த மீடிறனும் அதற்குப் பக்கத்திலேயே நிற்பதால், அந்த அசைவை அது கூட்டக்கூடச் செய்யும். அதைப் பார்க்க வேண்டியது பின் ஷொக் அப்சோபரிலும் ரயர்க் காற்றிலும்.

யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையிலான ஏ9 வீதி குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் ஓட்டியவர் பள்ளத்துக்குப் பள்ளம் எழும்பி நின்றார், சரிந்தார், நகர்ந்தார். ஒவ்வொரு தடவையும் குருதி திரும்பி ஓடியது. இன்று காப்பெற் போட்ட நேர் வீதியில், வன்னிக் காட்டுக்குள்ளால், வளைவுகூட அதிகம் இல்லாமல், ஒரே இருப்பில் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்க முடிகிறது. நசிந்த இழையம் மீள எவ்வளவு நேரம் வேண்டும்? முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களில் அளந்து 2003இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், இழையத்து ஒட்சிசன் பழைய நிலைக்கு வரச் சராசரி 1 நிமிடம் 51 செக்கன் எடுத்தது. பெடலில் நின்று 10 செக்கன் எழும்பி இருப்பது நல்லதுதான், போதாது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிறுத்தாமல் போகக்கூடாது என்ற வழக்கம் இந்தக் கணக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது: யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 80 கிலோமீற்றரில் இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் நீட்டி நிற்கும் நேரம் ஓட்டுநரின் இழையங்களுக்கு வேண்டியதற்கும் மேலே. அதற்குப் பிறகும் அதே இடைவெளியில் நிற்பதைத் தொடர வேண்டும்.

கடைக்குப் போக முதல் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று: பின் பொக்கற்றில் இருக்கும் பேர்ஸை எடுத்துவிடுங்கள். தடித்த பேர்ஸ் இடுப்பை ஒரு பக்கம் தூக்கி, காலுக்கு இறங்கும் நரம்பை நசிப்பதைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1978இலேயே எழுதியிருக்கிறார்கள். அதன் பிறகும் நோகிறதென்றால் பழைய சீற் ஒன்றை வாங்கி அதில் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் சொந்தச் சீற் கைபடாமல் வீட்டில் இருக்கட்டும். உறையை நிரந்தரமாக அடிக்க முதல் தற்காலிகமாக மூடிக் கொடிகாமம் வரை ஓடிப் பார்த்து, எங்கே குத்துகிறதோ அங்கே செதுக்கச் சொல்லித் திரும்பவும் ஓடிப் பாருங்கள். மாரி தொடங்க முதல் வேலை முடிகிறதென்றால் ஸ்பொஞ்சுக்கும் உறைக்கும் நடுவில் ஒரு பொலித்தீன் தாள் வைக்கச் சொல்ல வேண்டும். தையல் ஓட்டையால் இறங்கும் தண்ணீர் ஸ்பொஞ்சுக்குள் போனால் பிறகு காயவே காயாது.