முதலில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள்

புது லேப்டாப்பில் உபுண்டு போடலாம் என்று பென்டிரைவைச் செருகி எண்டர் தட்டினால், லோகோ வரும், இரண்டு சுற்று சுற்றும், அப்படியே நின்றுவிடும். உடனே பென்டிரைவ் சரியில்லை என்று மறுபடி எழுதுவார்கள், அப்புறம் வேறு டிஸ்ட்ரோவை, அதாவது உபுண்டு போல லினக்ஸின் இன்னொரு வகையை, இறக்குவார்கள், அதுவும் அதே இடத்தில் நின்றதும் லினக்ஸே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் வருத்தம். பல நேரம் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, உயிரோடுதான் இருக்கும்.

கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் கெர்னல் கவனித்துக்கொண்டிருக்கிறது, திரைப் பக்கம்தான் சிக்கல். நீங்கள் தொடாமலே அந்த விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது கெர்னல் பேனிக், கெர்னலே மீள முடியாமல் நின்றுவிட்டது என்று பொருள்.

ஏன் திரையில் போய்ச் சிக்குகிறது? ஆன் செய்ததும் முதலில் படம் காட்டுவது லினக்ஸ் அல்ல, மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள். அது மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுக்கும், அங்கே எழுதுவது திரையில் தெரியும், அவ்வளவுதான். கெர்னல் கொஞ்ச நேரம் அதை வைத்தே ஓட்டும். பிறகு கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் வந்து அதைத் தன் பொறுப்பில் எடுத்து, ரெசல்யூஷன் முதல் எல்லாவற்றையும் புதிதாக அமைக்கும். இதற்குக் கெர்னல் மோட் செட்டிங் என்று பெயர், 2009-இல் 2.6.29 கெர்னலில் இன்டெல் சிப்புகளுக்கு வந்தது. இப்படிக் கைமாறும் நொடியில்தான் பல லேப்டாப்கள் நின்றுபோகின்றன, ஏனென்றால் பென்டிரைவில் இருக்கும் கெர்னல் உங்கள் சிப்பைவிட மூத்ததாக இருக்கலாம்.

என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் சிப் தனியாக இருந்தால் இன்னும் சிரமம். அதற்கு லினக்ஸில் முதலில் எழுந்துவருவது நூவோ டிரைவர், ஆர்வலர்கள் சிப்பைத் தாங்களே தோண்டி ஆராய்ந்து எழுதியது. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து அந்த நிறுவனம் டிஜிட்டல் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) இல்லாமல் சிப்பை முழுதாக இயக்க முடியாது. இவ்வளவு தடைக்கு நடுவிலும் அந்த டிரைவர் இவ்வளவு தூரம் வேலை செய்வதே பெரிய உழைப்பு.

சரி, செய்ய வேண்டியது இதுதான். பென்டிரைவிலிருந்து தொடங்கும்போது முதலில் வரும் கிரப் மெனுவில் ஆங்கில 'இ' (E) விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் குவயட், ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கும். இரண்டையும் அழித்துவிட்டு, நோ, மோட், செட் மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்தடித்து எஃப்10 அழுத்துங்கள். இனி லோகோவுக்குப் பதில் வரிவரியாக ஓடும், ஒவ்வொரு வரியின் இடப்பக்கமும் அடைப்புக்குள் விநாடிக் கணக்கு இருக்கும். மறுபடி நின்றால் கடைசி வரிகளைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், எந்த டிரைவர் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், எதுவும் கெட்டுப்போகாது. டிரைவர் கைவைக்காததால் யூஇஎஃப்ஐ கொடுத்த படமே தொடரும், கொஞ்சம் மந்தமாக இருக்கும், பிரைட்னஸ் மாறாமல் போகலாம், இன்ஸ்டால் செய்ய அது போதும்.

முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கலாம், அதே சொல்லை இன்னொரு முறை சேர்த்து உள்ளே போய், என்விடியாவின் சொந்த டிரைவரைப் போடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்தில் தடுக்கும் யூஇஎஃப்ஐ வசதி) ஆனில் இருந்தால் அப்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கலாம், கேட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் அதைத்தான் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அந்தத் திரையைத் தாண்டிப் போனால் டிரைவர் ஏறாது.