சுழலாத பந்தும் எரி யோஷிடாவும்

2009 மார்ச் 27, ஜப்பானின் ஒசாகா டோம் அரங்கம். ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் கோபே 9 குரூஸ் அணிக்குப் பந்து வீச எரி யோஷிடா வந்தார். வயது 17, உயரம் 155 செ.மீ. ஆண்களின் தொழில்முறை பேஸ்பால் அணியான அது அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் 16 வயதுப் பள்ளி மாணவி. முதல் பேட்டர் வாக் வாங்கிக்கொண்டு, அதாவது நான்கு பந்துகள் இலக்கு தவறியதால் அடிக்காமலே, முதல் பேஸுக்குப் போய்விட்டார். அடுத்தவரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியே அனுப்பினார் எரி.

அவருடைய பந்தின் வேகம் மணிக்கு 80 கி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் 150 கி.மீ. சாதாரணம். பிறகு எப்படி ஆண்களுக்கு எதிராக நிற்க முடிந்தது? அவர் வீசியது நக்கிள் பால்.

நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் இதை வீசினார். அங்கே அது பேட்ஸ்மேனை ஏமாற்றும் மெதுவான பந்து. பேஸ்பாலில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு.

சாதாரண வேகப் பந்தில், கையை விட்டுப் போகும் கடைசி நொடியில் விரல்கள் பந்தின் பின்புறத்தை இழுத்துவிடும். நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் பின்னோக்கிச் சுழன்றபடி பந்து போகும். அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தாங்கும். இதுதான் மேக்னஸ் விளைவு. எந்தப் பக்கம் சுழற்சியோ அந்தப் பக்கம் வளைவு. பழகிய பேட்டருக்கு அது ஓரளவு பிடிபட்டுவிடும்.

நக்கிள் பாலில் சுழற்சியையே பறித்துவிடுகிறார்கள். நக்கிள் என்றால் விரல்முட்டி. பெயரில் அது இருந்தாலும், பெரும்பாலோர் விரல்நுனிகளைப் பந்தில் ஊன்றிப் பிடிக்கிறார்கள், நகம் பதியும் அளவுக்கு. மணிக்கட்டை விறைப்பாக வைத்துப் பந்தைத் தள்ளிவிட வேண்டும். பேட்டரைச் சேர்வதற்குள் அது ஒரு சுற்று சுற்றினாலே அதிகம்.

இனி தையலின் ஆட்டம். பேஸ்பால் பந்தின் தோலை 108 இரட்டைத் தையல்கள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. பந்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் தையலில் இடறுகிறது. தையல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, சில இடங்களில் காற்று பந்தோடு கூடுதல் நேரம் ஒட்டி ஓடும், சில இடங்களில் சீக்கிரமே பிய்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிரியாததால் பந்துக்குப் பின்னால் காற்று ஒருபக்கமாக ஒதுங்கும். பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படும். பந்து வேகமாகச் சுழன்றால் இந்தத் தள்ளல்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மெல்லத் திரும்பினால், கால் சுற்றுக்குள்ளேயே தள்ளும் திசை மாறலாம். 1975-இல் வாட்ஸ், சாயர் என்ற இரு ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் பந்தைத் திருப்பித் திருப்பி வைத்து இந்த விசையை அளந்தார்கள்.

இந்தப் பந்து பட்டாம்பூச்சி மாதிரி காற்றில் குதிக்கிறது என்று ஆட்டக்காரர்களே சொல்வார்கள். இயற்பியலாளர் ஆலன் நாதன், பந்தைப் பின்தொடரும் கேமரா அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, மற்ற பந்துகளைப் போலவே அதன் பாதையும் வழவழப்பாகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் விலகும் என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. வீசியவருக்கே தெரியாது! அதனால்தான் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்கள் இதற்கென்று பெரிய கையுறை மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பந்தின் வேகம் பாதியானால், காற்றின் பக்கவாட்டுத் தள்ளல் ஏறத்தாழ கால்பங்காகும். ஆனால் பறக்கும் நேரம் இருமடங்காகிறது. விலகல் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது நான்கு மடங்கு. கால்பங்கை நான்கால் பெருக்கினால் ஒன்று. மெதுவாக வீசினாலும் பந்து கிட்டத்தட்ட அதே அளவு விலகும்! ஆணின் தோள்பலம் தரும் வேகத்தை இந்த விலகல் கேட்பதே இல்லை. எரிக்குக் காற்று சலுகை எதுவும் காட்டவில்லை, எல்லோருக்கும் உள்ள விதிதான் அவருக்கும்.

மெதுவான பந்துக்கு விலையும் உண்டு. 150 கி.மீ. பந்து 0.4 விநாடியில் பேட்டரைச் சேரும், 80 கி.மீ. பந்துக்கு முக்கால் விநாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை இரண்டரை மீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். அதனால் மேல்நோக்கி வீச வேண்டும், பேட்டருக்கும் பார்க்க நேரம் கிடைக்கும். விரல் கொஞ்சம் பிசகிப் பந்து நாலைந்து சுற்று சுற்றிவிட்டால், அப்புறம் அது அடிக்க வசதியான சும்மா பந்து. ஒவ்வொரு முறையும் சுழலாமல் விடுவதற்குத்தான் அத்தனை பயிற்சியும்.

யோகோகாமாவில் வளர்ந்த எரி இதைப் பழகத் தொடங்கியது, அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டிம் வேக்ஃபீல்டு வீசுவதை வீடியோவில் பார்த்துத்தான். கைக்குச் சிரமம் குறைந்த இந்தப் பந்தை வைத்துக்கொண்டு வேக்ஃபீல்டு 45 வயது வரை ஆடி 200 வெற்றிகள் பெற்றார். 2010-இல் ஃபுளோரிடா பயிற்சி முகாமில் அவரே எரிக்குச் சொல்லிக்கொடுத்தார். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் சீகோ அவுட்லாஸ் அணிக்காக எரி களமிறங்கினார். முதல் ஆட்டத்தில் பந்து வீசியதோடு, பேட் பிடித்து அணிக்கு ஒரு ரன்னும் கொண்டுவந்தார். அந்தச் சட்டையும் பேட்டும் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குப் போயின.