பாரில் மாட்டிய வலையை இழுக்காதீர்கள்

மன்னார் வளைகுடாவில் கடலுக்கடியில் இறங்கிப் பவளப்பாறைகளைக் கணக்கெடுப்பது என் வேலை. மீனவர்கள் இந்தப் பாறைகளைப் 'பார்' என்பார்கள். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பாறைகளில் பலவும் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. அங்கே என்னை அதிகம் வருத்துவது மான்கொம்புப் பவளத்தில் சுற்றிக் கிடக்கும் நண்டு வலை.

பவளம் உயிருள்ள பிராணி. அதன் உடம்புக்குள் வாழும் நுண்பாசி வெயிலில் சமைத்துத் தருவதுதான் அதற்குப் பெரும்பங்கு சாப்பாடு. மேலே வலை மூடினால் வெளிச்சம் குறைகிறது. ஒவ்வொரு அலைக்கும் வலையின் இழை உரசி, மெல்லிய மேல்தோல் கிழிகிறது. காயத்தில் நோய் தொற்றும், பாசி படரும், அப்புறம் அந்தக் கிளையே செத்து ஒடியும். வேகமாக வளரும் கிளைப் பவளமே நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்தான் வளரும். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். இடுப்பளவு உயர்ந்து நிற்கும் ஒன்றுக்கு நூறு வயதுகூட இருக்கலாம். வலையின் நைலானோ மக்காது. கைவிட்ட பிறகும் நண்டையும் மீனையும் பிடித்துச் சாகடித்துக்கொண்டே கிடக்கும்.

படகு கடலடியில் இழுத்துச் செல்லும் பை போன்ற வலைதான் இழுவை மடி. அதன் சேதம் வேறு வகை. கடல் தரையை உரசிப் போகும் மடி பவளத்தை நொறுக்குவதோடு சேற்றையும் கிளப்பிவிடுகிறது. அந்தச் சேறு படிந்து பக்கத்துப் பாறையும் மூச்சுத் திணறுகிறது. மீனைப் பிடிக்கக் கடலடியில் கூடு வைப்பவர்கள் சிலர் பவளத்தை உடைத்துக் கூட்டின்மேல் பாரமாக வைப்பதையும் பார்த்திருக்கிறேன். 2001 முதல் பாறை கட்டும் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று சொன்னபோது, அவர்களில் பலர் உண்மையாகவே திகைத்தார்கள்.

சரி, மாட்டிய வலையை என்ன செய்வது? படகிலிருந்து இழுக்கவே கூடாது. வலை வருகிறதோ இல்லையோ, பவளம் பெயர்ந்துவிடும். நாங்கள் கத்தரிக்கோலோடு இறங்கி, ஒவ்வொரு கண்ணாக அறுத்து, ஈயக்குண்டுகளைத் தனியே கழற்றி, துண்டு துண்டாகச் சாக்கில் போட்டு மேலே அனுப்புகிறோம். பாசி மூடிப் பவளத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்ட வலையை மட்டும் விட்டுவிடுவோம். அதைப் பிடுங்கினால் பிழைத்திருப்பதும் சேர்ந்து போகும். ஒரு சின்ன வலைக்கே காலைப்பொழுது முழுக்கச் செலவாகும்.

வலையை இழப்பது மீனவருக்கும் நட்டம்தான். யாரும் விரும்பித் தொலைப்பதில்லை. வழக்கமாக வலை விடும் ஒரு பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, மாட்டினா இழுக்காம, ஒரு மிதவையைக் கட்டிவிட்டு எங்ககிட்ட சொல்ல முடியுமா?"

"சொன்னா கேஸ் போடுவாங்களோன்னுதான் தம்பி, இவ்வளவு நாளும் வாயைத் திறக்கல" என்றார். அந்தப் பயம் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. அன்று அவரே ஜிபிஎஸ் கருவியை எடுத்து, பாரில் வலை மாட்டிய நான்கு இடங்களைக் காட்டினார். இரண்டை அறுத்து எடுத்துவிட்டோம். மீதி இரண்டுக்கும் காற்று அடங்கியதும் இறங்குகிறோம்.