இசைவு: கையெழுத்துக்கு முன்னால் நடக்க வேண்டியது

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். நர்ஸ் ஒரு தாளை நீட்டுகிறார். பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்கிறார். எழுதத் தெரியாதவருக்கு மை டப்பா வருகிறது. பார்க்க வந்தவர்களிடம், "கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்கிறோம். அதற்கு முன்னால் என்ன சொன்னார்கள் என்று வந்தவர்களும் கேட்பதில்லை.

அந்தத் தாளுக்குத் தலைப்பு பெரும்பாலும் 'ஒப்புதல் படிவம்' அல்லது 'சம்மதக் கடிதம்'. ஆங்கிலத்தில் இன்ஃபார்ம்டு கன்சென்ட். 'தகவலறிந்த ஒப்புதல்' என்கிறோம். 'அறிவார்ந்த ஒப்புதல்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டாவது பிழை. அறிவாளிகள் மட்டும் தருவது என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது.

கன்சென்ட்டின் வேர் லத்தீன்: 'கோன்' என்றால் கூட, 'செந்தீரே' என்றால் உணர்தல். வடமொழிச் சம்மதமும் அதே கட்டுமானம்தான்: 'சம்' சேர்ந்து, 'மதம்' கருத்து. இரண்டுக்குள்ளும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒப்புதல் வேறு வழியில் போன சொல். ஒப்பு என்றால் நிகர். அதிலிருந்து ஒப்பிடு, ஒப்படை, ஒப்புக்கொள். ஒப்பம் என்றால் கையெழுத்து; மலையாளத்தில் இன்றைக்கும் கையெழுத்துக்கு 'ஒப்பு' என்றுதான் பெயர். பேச்சிலோ 'ஒப்புக்கு' என்றால் பேருக்கு, கடமைக்கு. ஒப்புக்கு அழைத்தான், ஒப்புக்குச் சாப்பிட்டாள். தாளும் மையும் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. அதனால்தான் என் தேர்வு 'இசைவு'.

இசை என்றால் ஒலி. அதுவே வினையானால் பொருந்துவது, உடன்படுவது. தந்தி சுருதியோடு இசைகிற வரைக்கும் முறுக்காணியைத் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும். ஒரே திருப்பில் சேராது. இன்ஃபார்ம்டு கன்சென்ட்டுக்கு 'அறிந்து தரும் இசைவு' என்றால் போதும், பாட்டிக்கும் புரியும்.

இந்தச் சொல்லின் முழுக் கனமும் எச்.ஐ.வி தடுப்பு ஆய்வுகளில் தெரிகிறது. நோயாளி, குணமாகும் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடுகிறார். தடுப்பு ஆய்வுக்கு வருகிறவருக்கோ நோயே இல்லை. நல்ல உடம்பை யாரோ முகம் தெரியாதவர்களுக்காகக் கொடுக்க வருகிறார். அவரிடம் 'ஒப்புக்கு' எதுவும் செய்யக் கூடாது.

2004-இல் கம்போடியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டெனோஃபோவிர் மாத்திரை தொற்றைத் தடுக்குமா என்று பார்க்க, பாலியல் தொழில் செய்யும் பெண்கள் ஏறத்தாழ 960 பேரைச் சேர்ப்பது திட்டம். அந்தப் பெண்களின் சங்கம் ஒரு கேள்வி கேட்டது: இந்த மாத்திரையால் பிற்பாடு உடம்புக்கு ஏதாவது வந்தால் எங்களை யார் பார்ப்பது? நீண்ட காலக் காப்பீடு வேண்டும் என்றார்கள். பதில் திருப்தியாக வரவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் பாங்காக்கில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் போராட்டம். ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வையே நிறுத்தினார். டெனோஃபோவிரோடு இன்னொரு மருந்து சேர்ந்த மாத்திரைதான் பின்னாளில் பிரெப் என்ற பெயரில் உலகம் முழுக்கத் தொற்றைத் தடுத்தது. மருந்தும் நல்ல மருந்து, கேள்வியும் நியாயமான கேள்வி. இரண்டுக்கும் நடுவே இசைவு இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதன் பிறகுதான், 2007-இல், ஐ.நா.வின் எய்ட்ஸ் திட்டமான யூஎன்எய்ட்ஸும், எச்.ஐ.வி தடுப்புக்காகக் குரல் கொடுக்கும் ஏவாக் அமைப்பும் சேர்ந்து 'நல்ல பங்கேற்பு நடைமுறை' வழிகாட்டியைக் கொண்டுவந்தன. ஆய்வைத் திட்டமிடும்போதே அந்தச் சமூகத்தாரோடு உட்கார்ந்து பேசு என்கிறது அது. தனி ஆளின் இசைவுக்கு முன்னால் ஊரின் இசைவு.

நம் ஊரிலும் தடுப்பு ஆய்வு நடந்திருக்கிறது. சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-இல் தொடங்கிய எச்.ஐ.வி தடுப்பூசியின் முதற்கட்ட ஆய்வுக்கு 32 தன்னார்வலர்கள் உடம்பைக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வில் சொல்லியாக வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். ஊசியில் இருப்பது வைரஸின் சில கூறுகள்தான், அதனால் தொற்று வராது. ஆனால் உடம்பு எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கிவிட்டால், சாதாரண எச்.ஐ.வி பரிசோதனை 'பாசிட்டிவ்' என்று காட்டலாம். நாளைக்கு வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகும் பையனுக்கு, கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்ணுக்கு, அந்த ஒரு சீட்டு என்ன செய்யும்? அப்படி வந்தால் எந்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லும், யாரிடம் போய்க் கேட்பது என்பதுவரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்து நிமிடத்தில் முடிகிற பேச்சு இல்லை இது.

இன்னொன்று. கையெழுத்து என்றால் நம் மனதில் பத்திரம் பதிந்த மாதிரி, போட்டாச்சு, அவ்வளவுதான். இசைவு அப்படிப்பட்டதல்ல. எந்த நாளிலும் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, சிகிச்சையும் குறையக் கூடாது. படிவத்தில் 'விலகும் உரிமை' என்று ஒரு வரி இருக்கும். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டம் பரிசோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் அறிந்து தரும் இசைவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. புது மருந்துச் சோதனைகள் சிலவற்றில் இசைவு பெறுவதை வீடியோவாகவே பதிய வேண்டும் என்பது விதி. எச்.ஐ.வி, தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு: ஒலிப்பதிவு போதும். முகம் தெரியாது. கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் "சரி, நான் வர்றேன்" என்ற குரலும் மட்டும் அந்தப் பதிவில் இருக்கும்.