கோது: சுட்டு முடிந்த பித்தளைக் குழலை 'வெற்றுத் தோட்டா' என்று எழுத வேண்டாம்

போன வாரம் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் பார்த்தேன். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். இடம் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் ஸ்பார்ட்டன்பர்க் நகரை ஒட்டிய பழைய கிராஃப்ட் முகாம். 1941-இல் தொடங்கி, இரண்டாம் உலகப்போர் முடியும்வரை காலாட்படைக்குப் புது ஆட்களைப் பழக்கிய இடம் அது. பின்னாளில் அமெரிக்க வெளியுறவுச் செயலரான ஹென்றி கிஸ்ஸிங்கர்கூடப் படையில் சேர்ந்தபோது அடிப்படைப் பயிற்சி பெற்றது அங்கேதான். முகாமின் ஒரு பகுதி இப்போது மாநிலப் பூங்கா, மற்றது வீடும் தோட்டமுமாகத் தனியார் கையில். அப்படி ஒரு தனியார் நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு நடக்கிறார்.

கருவி உச்சத்தில் கத்துகிறது. இரும்பு என்றால் பெரும்பாலும் தாழ்ந்த ஒலி, பித்தளை என்றால் கூர்மையான ஒலி. மனிதர் மண்டியிட்டு, நாலு விரல்கடை ஆழம் தோண்டி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழலை எடுக்கிறார். பச்சைக் களிம்பைக் கட்டைவிரலால் தேய்த்ததும் அடிவட்டத்தில் எழுத்து தெரிகிறது: எஸ் எல் 43. செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் 1943-இல் செய்தது. நடுவில் துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம், வாய் திறந்து கிடக்கிறது, உள்ளே மண். தமிழ்க் குரல் சொல்கிறது: "வெற்றுத் தோட்டா கிடைத்திருக்கிறது."

சரி என்று விட்டேன். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று கிடைத்தது. இதன் வாய் திறந்திருக்கவில்லை, உள்பக்கம் மடக்கி அடைத்திருந்தது. பயிற்சியில் சத்தத்துக்காக மட்டும் சுடுவது. வெடிமருந்து உண்டு, முனையில் பாயும் ஈயம் கிடையாது. அதற்கும் அதே குரல், அதே சொல்: "வெற்றுத் தோட்டா."

ஒன்று வெடித்து முடிந்தது, இன்னொன்று வெடிக்கக் காத்திருப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் தமிழில் கேட்கும் பிள்ளை எதை எடுத்து அடுப்பில் போட்டுப் பார்க்கும்? செய்தித்தாளில் இந்தச் சொல்லை எத்தனையோ முறை பார்த்துச் சகித்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

முதலில் தோட்டா. இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல், துப்பாக்கியும் துருக்கி மொழிப் பக்கமிருந்து அதே வழியாக வந்ததுதான். ஆங்கிலத்தில் கார்ட்ரிட்ஜ் என்பதன் வேர் காகிதம். மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைத்த பொட்டலம் அது. 1857 ஏப்ரலில் மீரட்டில் 85 குதிரைப்படைச் சிப்பாய்கள் வாங்க மறுத்தது இந்தக் காகிதத் தோட்டாவைத்தான். காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிப்பதுதான் பழைய முறை, அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற சந்தேகம் அவர்களுக்கு. நம் பள்ளிப் பாடத்தில் 'கொழுப்பு தடவிய தோட்டா' என்று சரியாகவே படித்தோம். கிணற்றுக்குள் பாறை உடைக்க வைக்கும் வெடிமருந்துக் குச்சியையும் நம் ஊர்க்காரர்கள் தோட்டா என்பார்கள். அடைத்துக் கட்டிய முழுப் பொட்டலம்தான் தோட்டா. வந்த சொல்தான், ஆனால் பொருள் தெளிவாக ஊன்றிவிட்ட சொல். அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்று நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட சொல்லை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? 'உடலில் தோட்டா பாய்ந்தது', 'அறுவை சிகிச்சையில் தோட்டா அகற்றம்.' தோட்டா பாயாது. பாய்வது அதன் முனையில் இருக்கும் ஈயம். அதற்குக் குண்டு என்று சொல்லலாம், ஆனால் குண்டு என்பது விமானத்திலிருந்து விழுவதையும் குறிக்கும், தெருவில் எறிவதையும் குறிக்கும். ஈழத்தவர்கள் சன்னம் என்கிறார்கள். சின்னது, மெல்லியது, ஆள் உடம்பில் புகுவது. 'தோளில் சன்னம் பாய்ந்தது' என்றால் குழப்பமே இல்லை. போரோடு வாழ்ந்த மக்கள் ஒவ்வொரு பொருளையும் பிரித்துச் சொல்லியாக வேண்டியிருந்தது. எறிகணை, கண்ணிவெடி, ரவைக்கூடு (ரவை என்றால் அவர்கள் பேச்சில் தோட்டா) எல்லாம் அவர்கள் வாயில் தினமும் புழங்கியவை.

சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக்கும் அவர்களிடம் சொல் இருக்கிறது: கோது. ரவைக் கோது, வெற்றுக் கோது. கச்சானை, அதாவது நிலக்கடலையை, உடைத்துத் தின்றபின் கையில் இருப்பது கோது, முட்டையை உடைத்து ஊற்றியபின் மிஞ்சுவது கோது. தமிழ்நாட்டிலும் கரும்பைப் பிழிந்தால் மிஞ்சும் சக்கையைக் கோது என்று பழைய நூல்கள் சொல்லும். கோதற, கோதில் என்றால் சக்கையில்லாத, குற்றமில்லாத. உள்ளிருந்த பயன் போய்விட்டது, வெளி மட்டும் கிடக்கிறது என்பதை ஒரே சொல்லில் இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா?

ஆனால் நம் பத்திரிகைகளுக்குப் பிடித்தது 'தோட்டா உறை.' இதைத்தான் நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். உறை என்பது எது? வாளுறை, தலையணை உறை, கடித உறை. ஒரு பொருளை உள்ளே போடலாம், வெளியே எடுக்கலாம், திரும்பவும் போடலாம். உள்ளே இருப்பதுதான் பொருள், உறை அதற்குத் துணை. அந்த வழியில் தோட்டா உறை என்றால் தோட்டாவை வைத்துக்கொள்ளும் பை என்றே ஆகும். இடுப்பில் கட்டும் தோல் பட்டையில் தோட்டா செருகும் அறைகள் இருக்கின்றனவே, அதற்கு இந்தப் பெயர் பொருந்தும். துப்பாக்கி உறை என்றால் துப்பாக்கியைச் செருகும் தோல் உறை என்று எல்லோருக்கும் தெரிகிறது. அதே பக்கத்தில் அடுத்த வரியில் தோட்டா உறை என்று எழுதினால் வாசகர் எதை நினைப்பார்? 'சம்பவ இடத்தில் 3 தோட்டா உறைகள்' என்று ஒரு செய்தி. சுட்டுவிட்டுப் போட்ட பித்தளையா, யாரோ விட்டுப்போன பையா? பக்கத்தில் இருந்த என் மைத்துனர் பை என்றே படித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் படிப்பார்.

பித்தளையில் மறுபடி மருந்து அடைத்துப் பயன்படுத்துகிறார்களே, அப்படியானால் அது உறைதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். இருக்கிறார்கள்தான். ஆனால் அதற்கு அடியில் புதுப் பொறிமூடி (ஊசி குத்தினால் தீப்பொறி தரும் சிறு மூடி) வைத்து, வாயைத் திருத்தி, அளந்து மருந்து போட வேண்டும். எண்பது வருஷம் மண்ணில் கிடந்து வெடித்துப்போன பித்தளை அதற்கு ஆகாது. அது கோதுதான். ஓடு என்று சொல்லலாமா என்றும் கேட்டார். ஆங்கிலத்தில் ஷெல் என்று சொல்லிச் சொல்லி அவர்களே குழம்புகிறார்கள், பீரங்கியில் போவதும் ஷெல், கீழே கிடப்பதும் ஷெல். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

நான் இந்தப் பொருளை முதன்முதலில் தொட்டது என்.சி.சி. முகாமில். பாயிண்ட் 22 ரைபிளில் ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் ஹவில்தார் 'கோக்கா, கோக்கா' என்று கத்துவார். இந்தியில் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு. ஐந்தையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் என்னிடம் நாலுதான் இருந்தது. பொழுது சாயும்வரை பிளட்டூன் முழுவதும் புல்லை விரலால் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் என் சட்டைக் கை மடிப்புக்குள்ளிருந்து அது விழுந்தது. நகத்தளவுதான், இன்னும் மருந்து வாடை போகவில்லை. அன்று எங்களில் யாருக்கும் அதற்குத் தமிழ்ச்சொல் தெரியாது, கோக்கா என்றே வீட்டிலும் சொன்னேன். பிறகு ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் வாயில் 'கோது' என்று கேட்டபோதுதான் அந்தப் பித்தளை என் மொழிக்குள் வந்தது.

அப்புறம் அந்த மடக்கி அடைத்த வாய்த் தோட்டா. அதற்கும் சொல் நம்மிடமே இருக்கிறது. வெற்று வேட்டு. சத்தம் மட்டும் போட்டு ஒன்றும் செய்யாதவனை அப்படித்தானே சொல்கிறோம். ஆகவே அதை வேட்டுத் தோட்டா என்பேன். தலைவர்கள் இறந்தால் '21 குண்டுகள் முழங்க' என்று எழுதுகிறார்கள். குண்டு எங்கே இருக்கிறது அதில்? இருந்தால் வானத்திலிருந்து யார் தலையிலாவது விழும். இலங்கைச் செய்திகளில் 'மரியாதை வேட்டுகள்' என்று வரும். அதுதான் சரி. துப்பாக்கியில் ஏற்றி இறக்கிப் பழக மருந்தே இல்லாமல் செய்தது மூன்றாவது வகை, அது போலித் தோட்டா. அதில் சண்டை இல்லை.

'மிலிட்டரி ரெலிக்' என்பதை 'இராணுவ நினைவுச்சின்னம்' ஆக்கியதையும் சொல்லத்தான் வேண்டும். மண்ணிலிருந்து எடுத்த சட்டைப் பொத்தான் எப்படி நினைவுச்சின்னமாகும்? நினைவுக்காக எழுப்பினால்தான் அது சின்னம். படைக்கால எச்சம் என்றால் போதும்.

எனக்கு உண்மையில் பயம் தந்தது படத்தின் கடைசிப் பகுதி. வால்சிறகு துருப்பிடித்த ஒரு மோர்ட்டார் குண்டு தெரிகிறது. ஆங்கிலத்தில் அவர் அதைப் பயிற்சிக் குண்டு என்று சொல்லிவிட்டு, கருவியை அப்படியே வைத்துப் பின்னால் நகர்ந்து தொலைபேசியை எடுக்கிறார். தமிழ்க் குரல் அதையும் 'வெற்றுக் குண்டு' என்றது. பயிற்சிக் குண்டு என்றாலே வெற்று என்று ஆகாது. விழுந்த இடம் தெரியப் புகை வர வேண்டும் என்று பல வகைகளில் மருந்து வைத்திருப்பார்கள், விரலைப் பறிக்க அது போதும். இப்படிப்பட்ட நிலங்களுக்கு அமெரிக்கப் படைத்துறை மூன்றே சொல்லில் விதி வைத்திருக்கிறது: இனங்காண், விலகு, தெரிவி. முதல் சொல்லே இனங்காண். பெயரே ஒன்றாக இருந்தால் எதை இனங்காண்பது?

அந்த மூன்று வரிகளையும் நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன். "ஒரு வெற்றுக் கோது, 1943-இல் செய்தது." "இது கோது இல்லை, சுடாத வேட்டுத் தோட்டா, உள்ளே மருந்து இருக்கிறது." "மோர்ட்டார் பயிற்சிக் குண்டு. தொடவில்லை, காவல்துறைக்குச் சொல்லியிருக்கிறோம்."