கொத்தனார் ஏன் டீ குடிக்கப் போனார்?

தேவகோட்டையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே இரண்டாம் தடவையாக நீட்டுக்குப் படிக்கிறார், பல் மருத்துவம், அதாவது பி.டி.எஸ். சேர வேண்டும் என்பது ஆசை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் புத்தகத்தில் மஞ்சள் கோடு போட்டுப் படித்தும், மாதிரித் தேர்வில் விலங்கியல் கேள்வியைப் பார்த்தால் 'இதைப் படித்தோமே' என்று மட்டும்தான் தோன்றுகிறதாம். "எனக்கு ஞாபக சக்தி கம்மியா சார்?" என்று முடித்திருக்கிறார்.

கம்மி இல்லை. 'படித்தோமே' என்று தோன்றுவது வேறு, விடை வருவது வேறு. கல்யாண வீட்டில் எதிரே வருகிறவர் முகம் தெரியும், யார் வீட்டுப் பிள்ளை என்று வாயில் வராது, அந்த மாதிரிதான். திரும்பத் திரும்ப வாசித்தால் முகம்தான் பழகும். நீட்டில் 180 கேள்வியில் 90 உயிரியல், தப்பாகக் குறித்தால் ஒரு மதிப்பெண் போய்விடும், கேள்வி எடுப்பவர்களோ நான்கு விடையும் தெரிந்த முகமாகவே இருக்கும்படி பார்த்து வைப்பார்கள்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பாடத்தை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரே முறை வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்த குழுதான் முன்னால், 83க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. இதில் வேடிக்கை என்னவென்றால், நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியது நான்கு முறை வாசித்த குழு.

சரி, மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும் என்பது புரிந்துவிட்டது. எப்போது எழுதிப் பார்ப்பது என்பதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. அதற்கு எங்கள் காரைக்குடிச் சுவருக்கு வர வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். அரைத்த சுண்ணாம்பைப் பூச்சுக்கு மேல் பூச்சாகப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டு முகப்பில் ஒரு பக்கம் பெயர்ந்துபோய்ச் சரி செய்ய ஆள் வந்தார்கள். கொத்தனார் ஒரு பூச்சுப் பூசுவார், கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார், அப்புறம் அன்றைக்கு அந்தப் பக்கமே வரமாட்டார். எங்கள் ஐயாவுக்கு வயிறு எரியும், "சும்மா உட்காரவா கூலி?" என்பார். கொத்தனார் அசரவே மாட்டார். "நான்தான் சும்மா இருக்கேன் ஐயா, சுண்ணாம்பு சும்மா இல்லை." சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்துக் கல்லாகிக்கொண்டிருக்கும், பள்ளிக்கூட வேதியியல்தான். அது இறுகுமுன் அடுத்ததை அப்பினால் வெடித்துக்கொண்டு வந்துவிடும்.

இப்போது மூளைக்குள் போகலாம். இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். செய்தி வாங்குகிற பக்கத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அதன் நடுவில் ஒரு மக்னீசியம் அயனி தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செய்தி வந்து சேர்ந்தால் மட்டும் அது அசையாது, வாங்குகிற செல்லும் அந்த நேரம் கிளர்ச்சியடைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் தக்கை விலகும், கால்சியம் உள்ளே பாயும். (சுவரிலும் கால்சியம், சினாப்ஸிலும் கால்சியம், தங்கச்சி பிற்காலத்தில் தட்டிப் பார்க்கப்போகிற பல்லிலும் கால்சியம்!) கால்சியம் நுழைந்ததும் உள்ளே கட்டட வேலை ஆரம்பிக்கும், சாரம் போன்ற புரத இழைகள் மாற்றிக் கட்டப்படும், அந்த முனை பருக்கும், இணைப்பு பலப்படும். இதற்கு நேரம் பிடிக்கும்.

2012இல் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் எலியின் ஹிப்போகேம்பஸ் சீவல்களில் இதைப் பார்த்தார்கள். நினைவு முதலில் உருவாகும் பகுதி அது. ஒரு முறை தூண்டினால் எல்லா சினாப்ஸ்களும் பலப்படுவதில்லை, கொஞ்சம் விட்டுப்போகிறது. பத்து நிமிடத்தில், ஏன், அரை மணி நேரத்தில் மறுபடி தூண்டினாலும் ஒரு பலனும் இல்லை. ஒரு மணி நேரம் விட்டுத் தூண்டினால் முதல் தடவை விட்டுப்போன சினாப்ஸ்கள் வந்து சேர்ந்துகொள்கின்றன! முதல் தூண்டல் அவற்றைப் பலப்படுத்தவில்லை, ஆனால் தயார் செய்து வைத்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும், எங்கள் ஐயா பார்வையில் தண்டக் கூலி.

எலி மூளைச் சீவலின் ஒரு மணி நேரத்தை அப்படியே தாவரவியலுக்குக் கணக்குப் போடக் கூடாது. ஆனால் விட்டு விட்டுப் படித்தால் நிற்கும் என்பது மனிதர்களிடம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சோதித்துப் பார்த்த விஷயம். ஆகவே தங்கச்சி, மஞ்சள் பேனாவை அலமாரியில் வை. மரபியலை நாற்பது நிமிடம் படி, மூடு, வெள்ளைத் தாளில் வருவதை எழுது, தப்பைச் சிவப்பில் திருத்து, அப்புறம் இயற்பியலுக்குப் போ. மறுநாள் பாதி மறந்திருக்கும், அப்போது மறுபடி தாளை எடு. அப்புறம் மூன்று நாள் கழித்து, அப்புறம் அடுத்த வாரம். திணறலாக இருக்கும், நான்கு முறை வாசித்த குழுவின் நம்பிக்கை வராது, பரவாயில்லை. தூக்கத்தை மட்டும் வெட்டாதே.

தேர்வுக்கு முன்னால் பிள்ளையார்பட்டியில் பேனாவை வைத்து எடுப்பதில் எனக்கு வழக்கில்லை, மனசுக்கு நல்லது. நினைவாற்றல் மாத்திரை என்று டப்பாவில் விற்கிறார்களே, அதைப் பார்த்தால்தான் எரிகிறது. இதே காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தை வரவழைத்தார், 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இன்று ரோட்டோரம் முழுக்க கோச்சிங் பேனர். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய நம் ஊரில் அப்படிக் கொடுக்க யாரையும் காணோம்.

அப்புறம் ஒன்று. வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே, அது எந்த அயனி? மேலே போய்ப் பார்க்கக் கூடாது. இன்றைக்குச் சொல்லவும் வேண்டாம், நாளை மறுநாள் எழுதினால் போதும்.